இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை

1917ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த கோனிக்‌ஷூட்டே என்னும் ஊரில் ஒரு மருத்துவமனை இருந்தது. சுரங்க விபத்துகளில் காயமடைந்தவர்களுக்கு அங்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அம்மருத்துவமனையில் தொண்டூழியராகப் பணியாற்றினார்.

ஒரு நாள், முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரை அங்குக் கொண்டு வந்தனர். இளம் வயது; உழைத்து உரமேறிய உடல். ஆனால், அவருடைய கால்களில் அசைவும் இல்லை; உணர்வும் இல்லை. முறிந்த எலும்பை நேராக்கி, உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டார்கள். பின்னர், மற்ற நோயாளிகளின் கண்ணில் படாதவாறு கட்டிலைச் சுற்றித் திரைகளை வைத்தார்கள். இளைஞர் அவருடைய நிலையைக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். அதைக் கண்ட மருத்துவர், குறிப்பெடுத்துப் பயனில்லை என்றும் இன்னும் சில வாரங்களில் அவர் இறந்துவிடுவார் என்றும் கூறினார்.

மருத்துவர் சொன்னபடியே நடந்தது. ஐந்து வாரங்களில் அத்தொழிலாளி இறந்தார். ஆயினும், அவருடைய உயிரைப் பறித்தது முறிந்த முதுகெலும்பு அன்று. சிறுநீர்ப்பாதையில் ஏற்பட்ட கிருமித்தொற்றும் படுக்கைப்புண்களுமே அவரைக் கொன்றன. அந்த மரணம் இளைஞரின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அவர் பெயர் லுட்விக் குட்மன். பிற்காலத்தில் நரம்பியல் மருத்துவராக உயர்ந்து, உடல் செயலிழந்தவர்களின் மறுவாழ்வுக்குப் புதிய வழி காட்டியவர் அவரே.

தண்டுவடத்தின் பணி

குட்மன் ஆற்றிய பணியின் சிறப்பை அறிய, முதலில் தண்டுவடத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் முதுகெலும்பின் உள்ளே, ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனில் நரம்புகளாலான ஒரு வடம் செல்கிறது. அதுவே தண்டுவடம். மூளை இடும் கட்டளைகள் அதன் வழியாகவே கைகால்களைச் சென்றடைகின்றன. தோலில் படும் சூடு, குளிர், வலி போன்ற உணர்வுகளும் அதன் வழியாகவே மூளைக்குச் செல்கின்றன. தண்டுவடம் ஓரிடத்தில் முற்றாக அறுந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள உறுப்புகளுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பு நின்றுவிடும். முதுகின் கீழ்ப்பகுதியில் அடிபட்டால் கால்கள் செயலிழக்கும்; கழுத்தில் அடிபட்டால் கைகளும் சேர்ந்து செயலிழக்கும். அறுந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் வழியை மருத்துவ உலகம் இன்றளவும் கண்டறியவில்லை.

கால்கள் அசையாமல் போவது மட்டுமே இங்குச் சிக்கல் அன்று. நாம் உறங்கும்போது, நம்மை அறியாமலேயே பலமுறை புரண்டு படுக்கிறோம். நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருந்தால் வலி தோன்றுகிறது; உடனே அசைந்து உட்காருகிறோம். தண்டுவடம் அறுந்தவருக்கு அந்த வலி தெரியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் அகப்பட்ட சதைக்கு இரத்த ஓட்டம் தடைபடுகிறது. சில மணி நேரத்திலேயே அந்தச் சதை அழியத் தொடங்குகிறது. இப்படித் தோன்றும் படுக்கைப்புண் எலும்பு வரை ஆழமாகப் பரவக்கூடும்.

அதுபோலவே, சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதும் அவருக்குத் தெரியாது; அதைத் தாமாக வெளியேற்றவும் முடியாது. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகிச் சிறுநீரகங்களைத் தாக்கும். படுக்கைப்புண்ணிலிருந்தும் சிறுநீர்ப்பாதையிலிருந்தும் கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் மரணம் நேரும்.

முதல் உலகப் போரில் தண்டுவடக் காயமடைந்த வீரர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இவ்வாறே இறந்ததாக மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தண்டுவடம் அறுந்தால் மரணம் உறுதி என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். உண்மையில், அவர்களைக் கொன்றவை தடுக்கக்கூடிய இரண்டு சிக்கல்களே.

கல்வியும் சோதனையும்

லுட்விக் குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், தோஸ்ட் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. மருத்துவப் படிப்பை முடித்து 1924இல் பட்டம் பெற்ற அவர், பிரெஸ்லாவ் நகரில் ஒட்ஃபிரிட் ஃபோர்ஸ்டர் என்னும் புகழ்பெற்ற நரம்பியல் வல்லுநரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

ஃபோர்ஸ்டர், நரம்பு பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்ததோடு, தொடர்ந்து உடற்பயிற்சியும் அளித்து வந்தார். பழுதுபட்ட நரம்பைச் சரிசெய்ய இயலாவிட்டாலும், எஞ்சியிருக்கும் ஆற்றலை வளர்க்க இயலும் என்பது அவரிடம் குட்மன் கற்ற முக்கியமான பாடமாகும். கடுமையாக உழைத்த குட்மன் சில ஆண்டுகளிலேயே ஃபோர்ஸ்டரின் முதன்மை உதவியாளராக உயர்ந்தார்.

1933இல் ஹிட்லரின் நாஜிக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. யூத மருத்துவர்கள் அரசாங்கப் பணிகளிலிருந்து நீக்கப்பட்டனர். குட்மனும் தம் பதவியை இழந்தார். அதன்பின், பிரெஸ்லாவில் இருந்த யூத மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1937இல் அம்மருத்துவமனை முழுமைக்கும் இயக்குநரானார்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளும் வழிபாட்டு இல்லங்களும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான யூத ஆண்கள் கைது செய்யப்பட்டனர். அடைக்கலம் தேடி வரும் எவரையும் கேள்வி கேட்காமல் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளுமாறு குட்மன் தம் ஊழியர்களுக்குக் கட்டளையிட்டார். மறுநாள் காலையில் நாஜிக் காவல் படையினர் வந்தனர். ஒரே இரவில் இத்தனை பேர் எப்படி நோயாளிகளாயினர் என்று விளக்கம் கேட்டனர். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கூறினார். அன்றிரவு சேர்க்கப்பட்ட 64 பேரில் 60 பேர் காப்பாற்றப்பட்டனர்.

இனி ஜெர்மனியில் வாழ இயலாது என்பது குட்மனுக்குத் தெளிவாகியது. நாடிழந்த அறிஞர்களுக்கு உதவி வந்த ஒரு பிரிட்டிஷ் சங்கம் அவருக்குத் துணை நின்றது. 1939ஆம் ஆண்டு மார்ச் மாதம், மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் அவர் இங்கிலாந்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 39. அதுவரை ஈட்டிய பதவியையும் புகழையும் விட்டுவிட்டு, ஆங்கில மொழியில் புதிதாகப் பணியைத் தொடங்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

வியர்வை வரைந்த படம்

ஆக்ஸ்ஃபோர்ட் நகரில் குட்மனுக்கு ஆய்வுப் பணி கிடைத்தது. நரம்புகள் காயமடைந்தால் உடலில் என்னென்ன மாற்றங்கள் நிகழ்கின்றன என்பதை அவர் அங்கு ஆராய்ந்தார். அவர் உருவாக்கிய ஒரு சோதனை முறை எளிமையானது, ஆனால், பயன்மிக்கது.

நாம் வியர்ப்பதற்கும் நரம்புகளே காரணம். ஒரு நரம்பு அறுந்துவிட்டால், அது சென்றடையும் தோல்பகுதியில் வியர்வை சுரக்காது. இதைக் கண்ணால் காண்பதற்கு வழி என்ன? ஈரம் பட்டால் ஆழ்ந்த ஊதா நிறமாக மாறும் ஒரு வகைத் தூளை நோயாளியின் தோலில் தூவிய பின்னர், அவருக்கு வியர்க்கும்படி செய்தார் குட்மன். நரம்பு நன்றாக உள்ள இடங்கள் ஊதா நிறமாயின. நரம்பு அறுந்த இடங்கள் நிறம் மாறாமல் இருந்தன. எந்த நரம்பு, எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளது என்பதை உடலின் மேலேயே வரைபடம்போல் பார்க்க முடிந்தது.

இத்தகைய ஆய்வுகள் பாராட்டப்பட்டாலும், குட்மனின் மனம் நிறைவடையவில்லை. நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளிக்கவே அவர் விரும்பினார். அதற்கான வாய்ப்பு 1943இல் வந்தது.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் பெரும் படையெடுப்பு ஒன்றுக்குப் பிரிட்டன் ஆயத்தமாகி வந்தது. அதில் தண்டுவடக் காயமடையும் வீரர்களுக்கென்று ஒரு தனிப்பிரிவைத் தொடங்க அரசாங்கம் முடிவு செய்தது. அதற்குத் தலைமை ஏற்குமாறு குட்மனைக் கேட்டுக்கொண்டது. தம் விருப்பப்படி செயல்படும் முழு உரிமை வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவர் ஒப்புக்கொண்டார். பயனற்ற வேலையை ஏற்று வாழ்க்கையை வீணாக்கிக்கொள்கிறாரே என்று உடன் பணியாற்றியவர்கள் சிலர் வருந்தினர். குட்மன் அவ்வாறு எண்ணவில்லை.

ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை

1944ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவு திறக்கப்பட்டது. அங்கு வந்து சேர்ந்த நோயாளிகள் பலர் உடலைச் சுற்றி மாவுக்கட்டுடன் இருந்தனர். குட்மன் முதலில் அந்தக் கட்டுகளை அகற்றச் செய்தார். உணர்வற்ற தோலை மாவுக்கட்டு அழுத்தியதால், அதன் அடியில் ஆழமான புண்கள் மறைந்திருந்தன.

அதன்பின், அவர் ஒரு விதியை வகுத்தார். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலிலும் அவ்வாறே, இரவிலும் அவ்வாறே. ஒருமுறைகூடத் தவறக்கூடாது. கேட்பதற்கு இஃது எளிதாகத் தோன்றலாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு கட்டிலிலும் உள்ள கனமான உடலைப் பலர் சேர்ந்து தூக்கித் திருப்ப வேண்டும். அழுத்தம் படும் இடங்களில் மென்மையான திண்டுகளை வைக்க வேண்டும். தோல் சிவந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் ஆள்பற்றாக்குறையும் நிலவியது. ஊழியர்கள் களைத்துப் போயினர். உறக்கம் கலைந்த நோயாளிகளும் முணுமுணுத்தனர். குட்மன் அசையவில்லை. விதி பின்பற்றப்படுகிறதா என்பதை அறிய, அவரே இரவு நேரத்தில் முன்னறிவிப்பின்றி வந்து நின்றார்.

சிறுநீரை வெளியேற்றுவதிலும் அவர் அதே கண்டிப்பைக் காட்டினார். சிறுநீர்ப்பையில் குழாயை நிலையாகப் பொருத்தி வைத்தால் கிருமிகள் எளிதில் உள்ளே நுழைந்துவிடும். ஆகவே, குறிப்பிட்ட நேர இடைவெளியில், கிருமி நீக்கப்பட்ட குழாயைச் செலுத்தி, சிறுநீரை வெளியேற்றியவுடன் குழாயை எடுத்துவிடும் முறையை அவர் வலியுறுத்தினார். தொடக்கத்தில், இப்பணியைத் தாதியரிடம் விடாமல் மருத்துவர்களே செய்யுமாறு பணித்தார்.

தண்டுவடக் காயத்திற்குத் தனிப்பிரிவு தொடங்கிய முதல் மருத்துவர் குட்மன் அல்லர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டொனால்ட் மன்றோ என்பவர் 1930களிலேயே அத்தகைய பிரிவொன்றை நடத்தினார். பெனிசிலின் மருந்து புழக்கத்திற்கு வந்ததும் கிருமித்தொற்றைக் கட்டுப்படுத்தப் பேருதவி புரிந்தது. எனினும், தோல், சிறுநீர்ப்பை, தசை, மனம், தொழில் ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ், ஒரே குழுவின் பொறுப்பில் கொண்டு வந்து முழுமையான மறுவாழ்வு முறையை நிலைநாட்டியது குட்மனின் தனிச்சிறப்பாகும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சலிக்காமல் செய்யப்பட்ட சிறு சிறு பணிகளால், ஸ்டோக் மாண்டவிலில் புண்கள் ஆறின, காய்ச்சல் தணிந்தது, இறப்பு உறுதி என்று கருதப்பட்டவர்கள் எழுந்து அமர்ந்தனர்.

நோயாளிகளிடம் கற்ற பாடம்

சிகிச்சை அளித்துக்கொண்டே குட்மன் ஆய்வையும் தொடர்ந்தார். கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் அறுந்த நோயாளிகள் சிலருக்குத் திடீரென்று கடுமையான தலைவலி வந்தது. முகம் சிவந்தது, காயத்திற்கு மேலுள்ள பகுதியில் வியர்வை பெருகியது. பிறகு சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கியது. இதற்குக் காரணம் என்ன?

டேவிட் விட்டரிட்ஜ் என்னும் உடலியல் அறிஞருடன் இணைந்து குட்மன் இதனை ஆராய்ந்தார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறையும்போது இந்த அறிகுறிகள் தோன்றுவதை இருவரும் கண்டறிந்தனர். சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி, அறுந்த தண்டுவடத்தைக் கடந்து மூளையை எட்டுவதில்லை. ஆயினும், காயத்திற்குக் கீழே உள்ள நரம்புகள் அச்செய்தியால் தூண்டப்பட்டு, இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. இதனால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்கிறது. அதைத் தணிக்குமாறு மூளை அனுப்பும் கட்டளையோ கீழே சென்று சேர்வதில்லை.

இந்த ஆய்வு முடிவுகள் 1947இல் வெளியிடப்பட்டன. உடனே கவனிக்காவிட்டால் இந்நிலை மூளையில் இரத்தக்கசிவை ஏற்படுத்தி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆனால், சிகிச்சை எளிது: நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீரை வெளியேற்றினால் பெரும்பாலும் போதும். தண்டுவடக் காயமடைந்தவர்களைப் பராமரிப்போர் இன்றும் இந்த அறிகுறிகளை அறிந்து வைத்திருக்கின்றனர்.

உயிர் பிழைத்தால் போதுமா?

நோயாளிகள் உயிர் பிழைத்தனர். ஆனால், அவர்களுள் பலர் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்கள். நேற்றுவரை ஓடியாடித் திரிந்தவர்கள், இனி யாருக்கும் பயனில்லாமல் படுத்தே கிடக்க வேண்டும் என்று எண்ணி மனம் உடைந்தனர். அவர்களை இரக்கத்துடன் பார்க்க வந்தவர்களும் அதே எண்ணத்தை வலுப்படுத்தினர்.

குட்மன் வெற்று இரக்கத்தை விரும்பவில்லை. தம் நோயாளிகள் வேலைக்குச் சென்று, வருமானம் ஈட்டி, மற்றக் குடிமக்களைப் போலவே வரி செலுத்துபவர்களாக மாற வேண்டும் என்பதே அவருடைய குறிக்கோள். எனவே, புண் ஆறி எழுந்து அமர்ந்ததும் நோயாளிகளுக்கு மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் போன்ற பயிற்சிகள் அளிக்கப்பட்டன. தாமே உடுத்தவும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும் அவர்கள் கற்றுக்கொண்டனர். நாள் முழுவதும் ஏதேனும் ஒரு வேலை அவர்களுக்காகக் காத்திருந்தது.

அவர் கண்டிப்பானவர்; விரைவில் சினம் கொள்பவர். அவருடைய கடுமையைக் கண்டு எரிச்சலடைந்த நோயாளிகளும் உண்டு. ஆனாலும், காலப்போக்கில் அவர்களே அவரை ‘பாப்பா’, அதாவது ‘அப்பா’, என்று செல்லமாக அழைக்கத் தொடங்கினர்.

மருந்தாக வந்த விளையாட்டு

ஒரு நாள், மருத்துவமனை வளாகத்தில் நோயாளிகள் சிலர் சக்கர நாற்காலிகளில் அமர்ந்தபடி, கைத்தடிகளைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வட்டை அடித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட குட்மன் உடனே ஆர்வம் கொண்டார். உடற்பயிற்சி ஆசிரியருடன் சேர்ந்து தாமும் சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாடிப் பார்த்தார். அந்த ஆட்டம் முரட்டுத்தனமாக இருந்ததால் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தும் வில்வித்தையும் இடம்பெற்றன.

அவர் விளையாட்டைப் பொழுதுபோக்காக மட்டும் கருதவில்லை. கால்களை இழந்தவருக்குத் தோள்களும் கைகளுமே கால்கள். நாற்காலியைத் தள்ளவும், கட்டிலிலிருந்து எழவும், தோலின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்க உடலைத் தூக்கவும் அவை வலுப்பெற வேண்டும். வில்லை இழுக்கும்போது தோள், மேல்முதுகுத் தசைகள் உறுதியடைகின்றன. பந்தைப் பிடிக்கும்போது உடலைச் சமநிலையில் வைத்திருக்கப் பழகுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்றி பெற வேண்டும் என்ற துடிப்பு, படுக்கையில் சோர்ந்து கிடந்தவரை மீண்டும் உலகத்தோடு இணைக்கிறது.

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் புல்வெளியில் ஒரு சிறிய வில்வித்தைப் போட்டி நடைபெற்றது. சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 முன்னாள் படையினர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் 14 பேர் ஆண்கள், இருவர் பெண்கள். ஒலிம்பிக் தொடங்கும் நாளையே குட்மன் இதற்குத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு, இந்தப் போட்டி ஒரு காலத்தில் ஒலிம்பிக்கிற்கு நிகராக வளரும் என்று அவர் கூறியபோது அதை நம்பியவர்கள் மிகச் சிலரே.

1952இல் நெதர்லாந்து நாட்டினர் வந்து கலந்துகொண்டதால் அஃது அனைத்துலகப் போட்டியாயிற்று. 1960இல், ஒலிம்பிக் போட்டிகள் முடிந்த சில நாள்களில், அதே ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 விளையாட்டாளர்கள் ஒன்றுகூடினர். அதுவே இன்று முதலாவது பாராலிம்பிக் போட்டியாகக் கருதப்படுகிறது. ஆனால், அவர்கள் தங்கிய கட்டடங்களில் படிக்கட்டுகள் இருந்தன. படைவீரர்களே அவர்களை நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

அப்போட்டியில் பிரிட்டனுக்கு முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் மார்கரெட் மாகன். ஆசிரியரான அவர், 1959இல் ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த வாகன விபத்தில் கால்களின் செயல்பாட்டை இழந்தவர். ஸ்டோக் மாண்டவிலில் சிகிச்சை பெற்றபோதுதான் வில்லைக் கையில் எடுத்தார். ரோமில் அம்பெய்து முடித்துப் பேருந்தில் ஏறிய பிறகே, தாம் வென்ற செய்தி அவருக்குத் தெரிய வந்தது. 52 ஆண்டுகள் கழித்து, 2012இல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் தீபத்தை ஏற்றி வைத்த பெருமையும் அவரையே சாரும்.

ஆசியாவை எட்டிய மாற்றம்

குட்மனின் சிகிச்சை முறையைக் கற்கப் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் ஸ்டோக் மாண்டவிலுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் யுத்தாக்கா நாக்காமுரா. நாடு திரும்பிய அவர், 1964இல் தோக்கியோவில் பாராலிம்பிக் போட்டி நடைபெறுவதற்கு முன்னின்று உழைத்தார். மறு ஆண்டே, உடற்குறையுள்ளோர் வேலை செய்து தம் சொந்தக் காலில் நிற்பதற்காக, ‘சூரிய இல்லம்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார்.

தொடக்கத்தில் தண்டுவடக் காயமடைந்தவர்களுக்காக மட்டுமே இருந்த பாராலிம்பிக், 1976 முதல் கண்பார்வையற்றவர்களையும் கைகால்களை இழந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. பின்னர் மூளை, தசை சார்ந்த குறைபாடு உள்ளவர்களும் இடம்பெற்றனர். 1988இல் சோல் நகரில், ஒலிம்பிக் நடந்த அதே அரங்குகளிலேயே பாராலிம்பிக்கும் நடைபெற்றது. ‘பாராலிம்பிக்’ என்னும் சொல்லுக்கு, ஒலிம்பிக்கிற்கு இணையாக நடைபெறுவது என்று இன்று பொருள் கொள்ளப்படுகிறது.

அந்த மாற்றத்தின் பயனை நம் வட்டாரமும் பெற்றுள்ளது. தசைகளைப் பலவீனமாக்கும் நரம்பு நோயுடன் வாழும் சிங்கப்பூர் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூ, 2008 முதல் 2024 வரை பாராலிம்பிக்கில் ஏழு தங்கப் பதக்கங்களை வென்றுள்ளார். மூளை முடக்குவாதத்துடன் வாழும் முகமது ரிட்சுவான் முகமது பூசி, 2016இல் ரியோவில் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்று, மலேசியாவிற்குப் பாராலிம்பிக்கின் முதல் தங்கத்தைத் தேடித் தந்தார். இவர்கள் இருவரும் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையைக் கண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால், அவர்கள் போட்டியிட்ட களத்திற்கான முதல் அம்பு அந்த மருத்துவமனைப் புல்வெளியில்தான் எய்யப்பட்டது.

குட்மன் விட்டுச் சென்றது

குட்மன் 1961இல் தண்டுவடக் காயம் குறித்த அனைத்துலக மருத்துவச் சங்கத்தை நிறுவினார். தம் அனுபவங்கள் அனைத்தையும் தொகுத்து 1973இல் விரிவான மருத்துவ நூலொன்றை வெளியிட்டார். 1966இல் பிரிட்டிஷ் அரசியார் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கினார். நாடிழந்து அகதியாக வந்த அவரை, 1976இல் பிரிட்டனின் மிக உயர்ந்த அறிவியல் கழகம் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1980ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், தமது 80ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அறுந்த தண்டுவடத்தை அவரால் இணைக்க முடியவில்லை. ஆயினும், அதனால் வாழ்க்கையும் அறுந்துவிடத் தேவையில்லை என்பதை அவர் நிலைநாட்டினார். அதற்கு அவர் கையாண்ட வழிகள் பெரும்பாலும் எவரும் செய்யக்கூடியவையே: உரிய நேரத்தில் புரட்டிப் படுக்க வைத்தல், தூய்மையைப் பேணுதல், அறிகுறிகளைக் கூர்ந்து கவனித்தல், நோயாளிக்கு ஒரு வேலையையும் ஓர் இலக்கையும் கொடுத்தல். அவற்றை ஒருமுறைகூடத் தவறாமல் செய்வதே கடினமானது.

இன்று உலகின் பல மருத்துவமனைகளில், தாமாக அசைய இயலாத நோயாளிகளைத் தாதியர் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைக்கின்றனர். பார்ப்பவர்களுக்கு அது மிகச் சாதாரணமான வேலையாகத் தோன்றும். 1917இல் அந்தச் சுரங்கத் தொழிலாளியைச் சுற்றித் திரைகளை வைத்தவர்கள், அதைச் செய்வதால் பயன் விளையும் என்று நம்பவில்லை. குறிப்பேட்டுடன் அவருடைய கட்டிலருகே நின்ற இளைஞர் நம்பினார்.